'பின்வாங்க மாட்டேன்' பாட்டுக்கு முன்னால் ஒரு முப்பது மாசம்

வீட்டில் ஜிம்முக்குப் போகிற பையனோ, விடிய விடிய வீடியோ கேம் ஆடுகிற பையனோ இருந்தால் இந்தப் பாட்டு உங்கள் காதில் விழுந்திருக்கும்.

எமினெமும் பிங்க்கும் சேர்ந்து பாடிய 'வோண்ட் பேக் டவுன்'. 'பின்வாங்க மாட்டேன்' என்று பொருள்.

2010 ஜூன் மாதம் 'ரிக்கவரி' ஆல்பத்தில் வந்தது. இசைத் தயாரிப்பு டிஜே கலீல். அதே வருடம் 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ்' விளையாட்டின் டிரெய்லரிலும் இதைப் போட்டார்கள். ராப் பக்கமே போகாத பசங்களுக்கும் இந்தப் பாட்டு தெரிஞ்சது அப்படித்தான்.

டிரம்ஸ் இடிக்கும். கிடார் உறுமும். அதுக்கு மேல எமினெம் மூச்சு விடாம ராப் பண்ணுவார். நடுவுல பிங்க் தொண்டை கிழியப் பாடுவாங்க. இது ராக் பாட்டா ராப் பாட்டான்னு கேட்டா, ரெண்டும்தான். ராப் ராக்னு பேரு. 1986-ல் ரன் டிஎம்சி குழு ஏரோஸ்மித்தோட சேர்ந்து 'வாக் திஸ் வே' பாட்டை மறுபடி பண்ணினப்பவே இந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்பந்தி ஆகிட்டாங்க.

சரி, ஒரு டாக்டருக்கு இதுல என்ன வேலை?

இருக்கு. இந்தப் பாட்டை ஒரு நோயாளிக்கு நான் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு.

அந்தத் தம்பிக்கு அப்போ 24 வயசு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். எழுதச் சொன்னதே அவர்தான்.)

பைக் விபத்து. தொடை எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சிருந்தாங்க. வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. கொடுத்ததில் தப்பே இல்லை. தொடை எலும்பு முறிஞ்சவனுக்கு பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துட்டுப் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்றதுதான் கொடுமை.

ஆனா வலி போன பிறகும் மாத்திரை போகலை. பேரை இங்கே எழுத மாட்டேன். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குத் தேவையில்லை. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மாத்திரை. அவருக்கு எங்கேயோ கிடைச்சுக்கிட்டே இருந்தது.

என்கிட்ட வந்தப்போ 'காய்ச்சல் சார்'னு சொன்னார். வேர்வை. கொட்டாவி. மூக்கு ஒழுகுது. வயித்தைப் பிசையுது. கையில் முடி சிலிர்த்து நிக்குது. தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை.

ஓபியாய்டு மருந்தை நிறுத்தினால் வரும் வித்ட்ராயல் அறிகுறிகள், பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி அப்படியே. தனியா உட்கார வச்சுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஒத்துக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடிச்சுது. ரிங்டோன் இந்தப் பாட்டு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? பாட்டைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல, 'அட, உங்க ஆளே போதையில விழுந்து எந்திரிச்சு வந்தவர்தானே தம்பி. பாட்டுலயே சொல்றாரே, பின்வாங்க மாட்டேன்னு. மனசு வச்சா முடியும்ப்பா. இதையே தினமும் கேளு. நீயும் பின்வாங்காதே'ன்னு முதுகில் தட்டிக் கொடுத்தேன். வயித்து வலிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எழுதி, 'ஒரு வாரம் கழிச்சு வா'ன்னு அனுப்பினேன்.

எனக்கே என் மேல ஒரு பெருமை. இளைஞர் பாஷையிலேயே பேசிட்டோம்னு.

அவர் வரலை. அடுத்த வாரமும் வரலை. நானும் போன் பண்ணலை. நல்லாயிருப்பார்னு நினைச்சுக்கிட்டேன். நம்ம ஊர்ல வராத நோயாளி எல்லாரும் நல்லாயிட்டாங்கன்னு நினைச்சுக்கிறது டாக்டர்களுக்கு ஒரு வசதி.

மூணு மாசம் கழிச்சு, நடுராத்திரி, நண்பர்கள் ரெண்டு பேர் அவரைத் தூக்கிக்கிட்டு கேஷுவல்டிக்கு வந்தாங்க. உதடு நீலம். கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கு. நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடணும். அவர் 6 தடவை விட்டுக்கிட்டு இருந்தார்.

ஆக்சிஜன் கொடுத்து, நலாக்ஸோன் ஊசி போட்டோம். கொஞ்ச நேரத்துல மூச்சு ஏறுச்சு, கண் முழிச்சார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

காலையில்தான் பேசினார். 'இருபத்தோரு நாள் தொடாம இருந்தேன் சார். தினமும் அந்தப் பாட்டைக் கேட்டேன். அப்புறம் ஒருநாள் முடியலை. தொட்டுட்டேன். பின்வாங்காதேன்னு சொல்லி அனுப்பினீங்க. எந்த முகத்தை வச்சுக்கிட்டு உங்ககிட்ட வர்றது?'

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

அதுக்கப்புறம்தான் அந்த எமினெம் உண்மையில் எப்படி மீண்டார்னு உட்கார்ந்து படிச்சேன். அவர் பேட்டிகள்ல, ஆவணப்படத்துல, பத்திரிகைக் கட்டுரைகள்ல தானாகச் சொன்ன விஷயங்கள்தான். முன்னாடியே படிச்சிருந்தா முதுகில் தட்டியிருக்க மாட்டேன்.

கதை தூக்கத்துல தொடங்குது.

2002-ல் வந்த '8 மைல்' படத்தின் ஷூட்டிங். ஒரு நாளைக்கு 16 மணி நேர வேலை. தூங்கக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். யாரோ ஒரு ஆம்பியன் மாத்திரை கொடுக்கிறார். அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். இது தினமும் வேணும்னு தோணுது. அதோட வலி மாத்திரை விக்கோடினும், பதற்றத்துக்கான வேலியமும் சேருது.

2005 ஆகஸ்ட்டில் ஐரோப்பியக் கச்சேரிகளை ரத்து பண்ணிட்டு தூக்க மாத்திரைப் பழக்கத்துக்காக சிகிச்சைக்குப் போறார். கவனிங்க, 2010-ல் பாட்டு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னாடியே ஒரு முயற்சி நடந்திருக்கு. நிலைக்கலை.

2006 ஏப்ரலில் அவருடைய உயிர் நண்பரும் சக ராப் கலைஞருமான புரூஃப், டெட்ராய்ட்டில் ஒரு கிளப்பில் சுட்டுக் கொல்லப்படுகிறார். துக்கம் கழுத்தை நெரிக்கும்போது மாத்திரைகளின் எண்ணிக்கை ஏறுது.

2007 டிசம்பர். தெரிஞ்ச ஒருத்தர் நீல நிற மாத்திரை கொடுக்கிறார். 'விக்கோடின் மாதிரிதான், ஆனா ஈரலுக்கு நல்லது'ன்னு சொல்லிக் கொடுக்கிறார்.

இங்கே கொஞ்சம் நிப்போம். ஒரு டாக்டரா இந்த இடம்தான் என்னை உலுக்கியது.

'ஈரலுக்கு நல்லது' என்பது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. விக்கோடினில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும், நாம காய்ச்சலுக்குப் போடுற பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருந்தால், பத்து மாத்திரையில் 5 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. போதைக்காக ஹைட்ரோகோடோனைத் துரத்துகிறவரின் ஈரலை, கூடவே வரும் பாராசிட்டமால் அரிக்கும். இதனாலேயே 2011-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, இப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலை 325 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொன்னது.

அந்த நீல மாத்திரையில் பாராசிட்டமால் இல்லை. ஈரல் தப்பிச்சிருக்கும். ஆனா உள்ளே இருந்தது மெத்தடோன்.

மெத்தடோன் ஒரு விசித்திரமான மருந்து. வலியைக் குறைக்கும் வேலையை 4 முதல் 8 மணி நேரத்தில் முடிச்சுக்கும். ஆனா உடம்பை விட்டுப் போகாது. பாதி அளவு வெளியேறவே பலருக்கு ஒரு நாளுக்கு மேல ஆகும். மூச்சை அடக்குகிற வேலையை அது மெதுவாகத் தொடங்கி, வலி நிவாரணம் தீர்ந்த பிறகும் தொடரும். 'ஏறலையே, இன்னொண்ணு போடுவோம்'னு அடுத்ததைப் போடுறவருக்கு உள்ளே ஏற்கனவே அடுக்கு சேர்ந்துக்கிட்டு இருக்கு. இதயத் துடிப்பின் லயத்தையும் அது குலைக்கும். மெத்தடோன் மரணங்கள் பற்றி எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது 2006 நவம்பரில். எமினெம் விழுந்தது அதற்கு ஒரு வருஷம் கழிச்சு.

குளியலறையில் சரிஞ்சு விழுந்தார். உள்ளே போனது நாலு பொட்டலம் ஹெராயினுக்குச் சமம், இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதிச்சிருந்தா உயிர் இருந்திருக்காது என்று டாக்டர்கள் சொன்னதாக அவரே பின்னாளில் ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். அந்த வருஷக் கிறிஸ்துமஸைப் பிள்ளைகளோடு கொண்டாட முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சினிமாவா இருந்தா இங்கே கட் பண்ணி, ஜிம்மில் ஓடுற காட்சியைக் காட்டி, பாட்டைப் போட்டிருப்பாங்க.

நடந்தது வேற. வீட்டுக்கு வந்தார். ஒரு மாசத்துக்குள்ள மறுபடியும் பழைய அளவுக்கே மாத்திரையில் போய் நின்னார்.

திரும்பப் படிங்க. சாவை எட்டிப் பார்த்துட்டு வந்தவர். மூணு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவர். உலகத்துல அதிகம் விற்கும் கலைஞர்களில் ஒருவர். மன உறுதியில் குறை சொல்ல முடியுமா? டெட்ராய்ட்டின் வறுமையில் இருந்து, கறுப்பினக் கலைஞர்களின் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பையனாக நுழைஞ்சு, மேடையில் கேலிகளைத் தாங்கி ஜெயிச்சவர். 'மனசு வச்சா முடியும்' என்பது உண்மையா இருந்தா முதல்ல அவருக்குத்தான் முடிஞ்சிருக்கணும். ஒரு மாசம்கூட தாங்கலை.

2008 ஏப்ரல் 20-ம் தேதியைத்தான் அவர் தன் தெளிவின் முதல் நாளாகக் கணக்கு வச்சிருக்கார். 2007 டிசம்பர் கணக்கில் வராது. 2005 கணக்கில் வராது. விழுந்ததெல்லாம் போக, நின்னது அந்தத் தேதி.

இங்கே ஒரு மருத்துவ விஷயம். இதைத் தயவுசெய்து மனசுல வச்சுக்குங்க, ஒரு உயிரைக் காப்பாத்தலாம்.

ஓபியாய்டு தொடர்ந்து எடுக்கிறவர் உடம்பு அதற்குப் பழகிக்கும். முதல்ல ஒரு மாத்திரை கொடுத்த வேலையை இப்போ பத்து மாத்திரைதான் கொடுக்கும். இதை டாலரன்ஸ், தாங்குதிறன் என்கிறோம். நிறுத்தினா, சில வாரத்துல இந்தத் தாங்குதிறன் இறங்கிடும். ஆனா பழைய அளவு மட்டும் ஞாபகத்துல அப்படியே இருக்கும். மூணு வாரம் நிறுத்திட்டு, மனசு உடைஞ்சு ஒருநாள் பழைய அளவையே எடுத்தா, அது இப்போ அவருக்கு விஷம்.

2007-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் இருந்து விடுதலையானவர்களைப் பற்றியது. வெளியே வந்த முதல் ரெண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் ஆபத்து, மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12 மடங்குக்கு மேல். முதன்மையான காரணம் போதைமருந்து ஓவர்டோஸ். உள்ளே இருந்தப்போ கட்டாயமாகத் தொடாமல் இருந்தவர்கள். அந்தச் 'சுத்தம்'தான் அவர்களைப் பலவீனமாக்கி வச்சிருந்தது.

என் தம்பிக்கும் இதேதான். இருபத்தோரு நாள் ஜெயிச்சதுதான் அவரைக் கொல்லப் பார்த்தது. இதை நான் அவர்கிட்ட சொல்லியிருக்கணும். 'நிறுத்து, நல்லது. ஒருவேளை மறுபடி தொட்டா உன் பழைய அளவு இப்போ உன்னைக் கொல்லும். தனியா இருக்காதே. எந்த நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. விழுந்தாலும் வா. விழுந்தா கட்டாயம் வா.' முப்பது விநாடிப் பேச்சு. அதுக்குப் பதிலா ஒரு பாட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

'மறுபடி விழுவாய்னு முன்கூட்டியே சொன்னா அதுவே சாக்காப் போயிடாதா டாக்டர்?'னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

2000-ம் வருஷம் ஜாமா இதழில் ஒரு கட்டுரை வந்தது. போதை அடிமை நோயில் ஒரு வருஷத்துக்குள் மறுபடி விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம். ரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் நோய் கட்டுப்பாட்டை மீறி மறுபடி தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதம். பி.பி. எகிறி வர்ற நோயாளியைப் பார்த்து 'உனக்கு மன உறுதி இல்லை, முகத்தைக் காட்டாதே'ன்னு யாராவது சொல்றோமா? மாத்திரையை மாத்தி எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி, அடுத்த மாசம் வரச் சொல்றோம். பி.பி. நோயாளிக்குக் கிடைக்கிற இந்தச் சாதாரண மரியாதை இவங்களுக்குக் கிடைக்கிறதில்லை. (ஊறுகாயோட வந்து நிக்கிற பி.பி. நோயாளிகளை நான் திட்டியிருக்கேன் என்பது வேற விஷயம்.)

எமினெம் கதைக்கு வருவோம். 2008-ல் நின்னார். நின்ன உடனே 'பின்வாங்க மாட்டேன்'னு பாடிட்டாரா?

பாட முடியலை. ராப் பண்ணவே மறந்து போச்சு.

அவருடைய மேனேஜர் பால் ரோசன்பர்க், இவருக்கு மூளையில் பாதிப்பு ஏதாவது ஆகியிருக்குமோ என்று டாக்டர்களிடம் கேட்டிருக்கிறார். 2022-ல் ஒரு உரையாடலில் ரெண்டு பேரும் இதைப் பேசினார்கள். உடம்பை நிலைப்படுத்த சில மருந்துகள் கொடுக்கப்பட்டிருந்தன, அதற்குப் பழகவும் மூளை மறுபடி வேலை செய்யவும் ரொம்ப நாள் ஆனது, ராப் பண்ணுவதைத் திரும்பக் கத்துக்க வேண்டியிருந்தது என்றெல்லாம் அந்தப் பேச்சில் வந்தது.

இது மிகைப்படுத்தல் இல்லை. ராப் என்பது மூச்சு, நாக்கு, தாளம், எதுகை, ஞாபகம் எல்லாம் ஒரே விநாடியில் கூடி வேலை செய்கிற விஷயம். 2012-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 12 ராப் கலைஞர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வச்சு, உடனுக்குடன் இட்டுக்கட்டிப் பாடச் சொல்லிப் பார்த்தாங்க. மனப்பாடமாகப் பாடுவதோடு ஒப்பிட்டால், இட்டுக்கட்டும்போது முன்மூளையின் உள்பக்கம் சுறுசுறுப்பாகிறது, நம்மை நாமே கண்காணிக்கிற வெளிப்பகுதி அடங்குகிறது. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டை வருஷக்கணக்கில் மூணு வகை மாத்திரையில் ஊற வச்சா என்ன ஆகும்?

2009-ல் 'ரிலாப்ஸ்' என்று ஓர் ஆல்பம் வந்தது. பேரைப் பாருங்க. விழுந்ததையே தலைப்பா வச்சார். அந்த ஆல்பத்தின் விசித்திரமான உச்சரிப்புகளைப் பின்னால் அவரே கிண்டல் பண்ணினார். எனக்கு என்னவோ அந்த ஆல்பத்தின் மேல் தனி மரியாதை. பக்கவாதம் வந்தவர் பிசியோதெரபியில் பிடிமானக் கம்பியைப் பிடிச்சு நடக்கிற மாதிரி இருக்கும் அது. அழகா இருக்காது. ஆனா அந்த நடை இல்லாம அடுத்த நடை இல்லை.

அதுக்கு அடுத்த வருஷம்தான் 'ரிக்கவரி'. அதுக்குள்ளதான் நம்ம பாட்டு. 2007 டிசம்பரில் இருந்து 2010 ஜூன் வரை எண்ணினா முப்பது மாசம்.

பாட்டுல அந்த முப்பது மாசம் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். அநேகமா இல்லை. பெரும்பகுதி ராப் உலகத்துக்கே உரிய சவால், வம்பு, தற்பெருமை. 'என்கிட்ட மோதிப் பார்' ரகம். ஆஸ்பத்திரி வாசனை துளியும் இல்லை. எதிரி எப்பவும் வெளியே எங்கேயோ நிக்கிறான்.

அது பாட்டின் குறை இல்லைங்க. ஜெயிச்சவன் மேடையில் நின்னு உறுமுற பாட்டு அது, அந்த வேலையைப் பிரமாதமா செய்யுது. பிங்க்கின் குரலும் சும்மா வந்ததில்லை. 16 வயசில் போதைமருந்தால் சாவின் விளிம்புக்குப் போய் வந்ததை அவங்களே 2023-ல் ஒரு டிவி பேட்டியில் சொன்னாங்க. ரெண்டு பேருமே அந்தக் கிணத்துக்குள்ள இருந்து ஏறி வந்தவங்கதான்.

என் சண்டை பாட்டோட இல்லை. இதைக் கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள இருக்கிறவன் காதுல மாட்டி விடுற நம்மகிட்டதான். ஏறி வந்தவன் கரையில் நின்னு கத்துறது உள்ளே இருக்கிறவனுக்கு ஏணி ஆகாது. சில நேரம் அது அவனை இன்னும் சின்னவனா ஆக்கும். 'அவரால முடிஞ்சுது, என்னால முடியலையே.'

சரி, அப்போ அவருக்கு ஏணி எது? மூணு விஷயம் தெரியுது.

ஆஸ்பத்திரியும் மருந்தும். இதைப் பேசிட்டோம்.

ரெண்டாவது, ஒரு போன் கால். தானும் போதையில் விழுந்து எழுந்தவரான எல்டன் ஜான், எமினெமின் தெளிவுக்காலத்தில் வாரம்தோறும் அவரோடு போனில் பேசி வந்திருக்கிறார். ரெண்டு பேரையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஒருபாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன, பளபள உடை போடும் பிரிட்டிஷ் பியானோக் கலைஞர். இன்னொருத்தர், அப்படிப்பட்டவர்களை இழிவு செய்யும் வரிகளுக்காகப் போராட்டங்களையே சந்தித்த ராப் பாடகர். 2001 கிராமி மேடையில் ரெண்டு பேரும் சேர்ந்து பாடினப்போ ஊரே வாயைப் பிளந்தது. கடைசியில் இவர் நிற்க அவர் தோள் கொடுத்தார். வாரம் ஒரு தடவை 'எப்படி இருக்கே?' என்று கேட்கும் ஆள். நான் பண்ணாமல் விட்ட போன் கால் அதுதான்.

மூணாவது, ஓட்டம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தப்போ 100 கிலோவுக்கு மேல் இருந்தவர் 70 கிலோவுக்குக் கீழே இறங்கினார். காலையில் எட்டரை மைல், ராத்திரி எட்டரை மைல், ஒரு நாளைக்கு 17 மைல். அதாவது 27 கிலோமீட்டர். இடுப்புத் தசைகள் கெட்டுப் போற அளவுக்கு ஓடினார். ஒரு பழக்கத்தை எடுத்துட்டு அந்த இடத்துல இன்னொரு பழக்கத்தை வச்சுட்டோம்னு அவரே சொல்றார். இதையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். 17 மைலெல்லாம் வேண்டாம் சாமி, மூட்டு போயிடும். ஆனா காலியான இடத்துல ஏதாவது ஒண்ணு வந்து உட்காரணும் என்பது உண்மை.

'அவர் கோடீஸ்வரர் டாக்டர். நம்ம பசங்களுக்கு எல்டன் ஜானா போன் பண்ணுவார்?' நியாயமான கேள்வி. பணம் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது, நல்ல டாக்டர்களை வாங்கிக் கொடுத்தது. ஆனா அதே பணம்தான் மாத்திரையையும் வீடு தேடிக் கொண்டுவந்தது.

நம்ம பக்கம் என்ன இருக்கு? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கு. செலவில்லை. மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். இந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. உங்களுக்குத் தேவைப்படாம இருக்கலாம், உங்க போன் யாருக்குத் தேவைப்படும்னு தெரியாது.

நம்ம தம்பி விஷயத்துக்கு வர்றேன். மனநல மருத்துவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன். அவர் நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தொடங்கினார். அதுவும் ஓபியாய்டு வகைதான். ஆனா மூளையின் பூட்டில் பாதி மட்டும் திரும்பி அங்கேயே உட்கார்ந்துக்கும். ஏக்கமும் வித்ட்ராயலும் அடங்கும், மூச்சை அடக்கும் ஆபத்தும் மிகக் குறைவு.

அவங்க அம்மா பதறிட்டாங்க. 'ஏங்க டாக்டர், ஒரு போதையை விட்டுட்டு இன்னொரு போதையா?'

இதைக் கேட்காத வீடே இல்லை. எமினெமைக் கொல்லப் பார்த்த மெத்தடோன்கூட முறையாக, அளவோடு, கண்காணிப்பில் கொடுத்தால் ஹெராயின் பழக்கத்துக்கான சிகிச்சைதான். மெத்தடோனும் பியூப்ரெனார்ஃபினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005-லேயே சேர்ந்தாச்சு. கத்தி யார் கையில், எதுக்காக என்பதுதான் வித்தியாசம். எமினெம் தனக்கு ஒத்துவந்த வழியில் போனார். அது அவர் வழி. எல்லாருக்கும் அதுவே வழின்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அம்மாகிட்ட இவ்வளவும் சொல்லலை. 'சர்க்கரைக்கு நீங்க தினமும் ஊசி போடுறீங்களே, அதுக்கு அடிமையாம்மா?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. 'மாத்திரையை நானே என் கையால கொடுக்கிறேன்'னாங்க. அப்படியே பண்ணவும் செஞ்சாங்க.

அப்போ மனசுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. 'இனிமே வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன்'னு சபதம் எடுக்கிற வேலை இல்லை. அது யாராலும் தூக்க முடியாத பாரம். விழுந்த மறுநாள் காலையில் வெக்கத்தை ஓரமா வச்சுட்டு டாக்டர் வாசல்ல வந்து உட்காரணும் பாருங்க, அதுக்குத்தான் மனசு வேணும். பின்வாங்கினவனும் உள்ளே வரலாம் என்கிற மாதிரி அந்த வாசலைத் திறந்து வைக்கிறது என் வேலை.

அந்தத் தம்பி அதுக்கப்புறமும் ஒரு தடவை விழுந்தார். அந்தத் தடவை மறுநாளே வந்தார். திட்டலை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

எமினெம் 2020-ல் 12 வருஷம் முடிச்ச பதக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார். 2024-ல் 16 வருஷம். தம்பி அதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, 'இவர் 16 வருஷம், நான் 14 மாசம் சார்'னு போட்டிருந்தார். கூடவே சிரிக்கிற பொம்மை.

பாட்டைப் பத்திக் கேட்டேன். ரிங்டோனை மாத்திட்டாராம். 'பாட்டு பிடிக்கும் சார். ஜிம்ல மட்டும் கேக்குறேன். தூக்கம் வராத ராத்திரியில கேக்கிறதில்லை. அப்போ ஃப்ரெண்டுக்குப் போன் பண்ணிடுவேன்.'

போன வாரம் வந்தார். கடவாய்ப் பல் வலி. பிடுங்கணும்னு பல் டாக்டர் சொல்லியிருக்கார். 'அவர் வலிக்கு மாத்திரை எழுதப் போனார். நானே நிறுத்தச் சொல்லி, எனக்கு இப்படி ஒரு பழக்கம் இருந்துச்சு, இப்பவும் நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கிறேன், எங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன் சார். அந்த ரூம்ல நர்ஸ் எல்லாம் இருந்தாங்க.'

பல் பிடுங்கின வலிக்கு இபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தாலே பெரும்பாலும் போதும். ஓபியாய்டு தேவைப்படாது. அல்சர், கிட்னிப் பிரச்சனை எதுவும் இல்லைன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். பல் டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். ரெண்டு மாத்திரையின் அளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, எத்தனை நாள். கீழே என் போன் நம்பர்.

கடிதத்தை மடிச்சு சட்டைப் பையில் வச்சுக்கிட்டு, 'சாப்பிட்டுட்டுத்தானே சார் போடணும்?'னு கேட்டார்.

ஆமாப்பா, சாப்பிட்டுட்டுத்தான்.